வழியில் இருக்கிற ஊர்

கே: மெல்போர்னில் இருக்கும் என் மகன், "வாழ்வதற்கு எங்கள் ஊரை மிஞ்ச ஊர் இல்லை" என்று போனில் பீற்றிக்கொள்கிறான். செங்கல்பட்டுக்காரியான நான் என்ன பதில் சொல்வது? (ஓர் அம்மா, செங்கல்பட்டு)

ப: பீற்ற அவனுக்கு உரிமை உண்டு. எகனாமிஸ்ட் குழுமம் போடும் பட்டியலில் 2011 முதல் 2017 வரை ஏழு வருடமும் மெல்போர்ன்தான் முதலிடம். நீங்கள் வயதைச் சொல்லி அடியுங்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறியது 1835-இல். அப்போதே மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு ஆயிரம் வயது தாண்டிவிட்டது. மற்றபடி செங்கல்பட்டு எந்தப் பட்டியலிலும் முதலில் வந்ததாக நினைவில்லை. கடைசியில் வரும்: தாம்பரத்தைத் தாண்டும் மின்சார ரயில்களில் பலவற்றுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். எக்மோரில் ஏறி ஊருக்குப் போகிறவர்கள் ஜன்னலில் கொளவாய் ஏரியைப் பார்த்ததும் "செங்கல்பட்டு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். இறங்க மாட்டார்கள்.

கே: செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய ஊர் எது? (மாணவர், கூடுவாஞ்சேரி)

ப: தாம்பரம். 2021-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஆனால் தாம்பரத்துக்காரரை எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், "சென்னை" என்பார். மாவட்டத்தின் குணமே இதுதான்: வேலை செங்கல்பட்டுக்கு, பெயர் சென்னைக்கு. சென்னைக்காரர்கள் குழந்தைகளுக்குப் புலி காட்டக் கூட்டிப்போகும் வண்டலூர் இங்கே. சிறுசேரியின் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இங்கே. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் இங்கே. சென்னையை விட்டு மதுரைக்குக் கிளம்புகிறவர், கிளம்புவதற்கே செங்கல்பட்டு மாவட்டம் வரை வரவேண்டும். குடிதண்ணீரும் அப்படித்தான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் தொடங்கியது, நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. குழாய் போகும் திசை வடக்கு. உப்பை மட்டும் நமக்கே விட்டுவைக்கிறார்கள்.

கே: கலெக்டர் ஆபீசுக்குக் காஞ்சிபுரம் அலைந்த தலைமுறை நான். செங்கல்பட்டு ஜில்லா என்று பெயர் வைத்துவிட்டு ஏன் அப்படிச் செய்தார்கள்? (மதுராந்தகம்)

ப: கருங்குழிக்கும் சைதாப்பேட்டைக்கும் அலைந்த தாத்தாக்கள் உங்களைவிடப் பாவம். ஜில்லாவுக்குப் பெயர் கொடுத்தது செங்கல்பட்டு. கலெக்டர் நாற்காலி ஊர் ஊராகச் சுற்றியது. 1997-இல் இரண்டாக வெட்டியபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று வைத்து, இருந்த பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள். பெயரும் நாற்காலியும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தது 2019 நவம்பர் 29-இல். சிட்னியா மெல்போர்னா என்று தலைநகருக்கு அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டுக்கும் இடையில் கான்பெரா என்று புது ஊரே கட்டினார்கள் ஆஸ்திரேலியர்கள். நம்மவர்கள் வாலாஜாபாத்தில் போய் உட்காராமல் விட்டார்களே, சந்தோஷப்படுங்கள்.

கே: தாஜ்மகாலை மாமல்லபுரம் முந்திவிட்டதாமே? (திருப்போரூர்)

ப: 2021-22 கணக்கில் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டினர் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922. ஆனால் அது கொரோனாவில் விமானமும் விசாவும் முடங்கிக் கிடந்த வருடம். அதை வைத்து ஷாஜகானைச் சீண்ட வேண்டாம்.

கே: சிற்பிகள் இப்போதெல்லாம் மெஷினில் செதுக்குகிறார்களே, அது கலையா? (பெயர் வேண்டாம், கேளம்பாக்கம்)

ப: நீங்கள் இந்தக் கேள்வியை எழுத்தாணியால் எழுதி அனுப்பவில்லையே! மாமல்லபுரத்துப் பட்டறைத் தெருக்களில் இன்று முதலில் காதில் விழுவது கிரைண்டர் சத்தம்தான். கல்லை அறுத்து, உருவம் பிடிபடுகிற வரை மெஷின். கண், உதடு, விரல்நுனி என்று வந்துவிட்டால் அதை அணைத்துவிட்டு உளியை எடுக்கிறார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டால் அம்மன் முகத்தில் யாரோ பக்கத்து வீட்டு அம்மாள் வந்துவிடுவாள்.

1957-இல் அரசு இங்கே சிற்பப் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் தொடங்கியது. இப்போது அது கல்லூரி. அதை நெடுங்காலம் நடத்திய கணபதி ஸ்தபதிதான் 2000-இல் கன்னியாகுமரியில் 133 அடிக்கு வள்ளுவரை நிறுத்தியவர். மெல்போர்ன் அம்மாவும் கவனிக்க: கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலும், சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்கில் உள்ள வெங்கடேசுவரர் கோயிலும் இந்தியாவிலிருந்து சிற்பிகள் போய்ச் செய்த வேலை. அடுத்த முறை பீற்றினால், கோபுரத்தைச் செய்தவர் எந்த ஊர்க்காரர் என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு மெஷின்மேல் இருக்கும் கோபம் வேறு. உளி பட்டால் சில்லு தெறிக்கும். மெஷின் பட்டால் கல் மாவாகப் பறந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. சிலிகோசிஸ் வந்தால் திரும்பப் போகாது. அதற்கு வாயில் கட்டிய துண்டு போதாது. 2017-இல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தார்கள், நல்ல விஷயம். செதுக்குகிறவருக்கு ஒழுங்கான முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தால் தேவலை.

கே: கடலுக்குள் இன்னும் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்பது உண்மையா? (ஏழாம் வகுப்பு மாணவி, கல்பாக்கம்)

ப: கப்பல்காரர்கள் இந்த ஊரை ஏழு கோயில்கள் என்றே அழைத்தார்கள். கண்ணால் எண்ணினால் கரையில் ஒன்றுதான் தேறும். வேடிக்கை என்னவென்றால், 2004 சுனாமி ஒரு கோயிலைக் காட்டிக் கொடுத்தது, ஆனால் கடலுக்குள் அல்ல. சாளுவன்குப்பத்தில் அலை மண்ணை அரித்துக்கொண்டு போக, எழுத்து வெட்டிய கல் தலைகாட்டியது. தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்து முருகன் கோயில். அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, முருகன் மணலுக்கடியில் இருந்திருக்கிறார்.

கே: உள்ளூர்க்காரர்களில் உலகப் புகழ் பெற்றவர் யார்? நடிகர் வேண்டாம். (சிங்கப்பெருமாள்கோயில்)

ப: மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர். 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு பெருகி, அந்த ஊர் ஆட்களால் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடியபோது, இந்த இருவரையும் வரவழைத்தார்கள். போய்ப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, பானையில் சில வாரம் வைத்து, விஷத்தைக் கறந்துகொண்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பங்கு விஷம் இங்கிருந்துதான். பஞ்சாபில் பாம்பு கடித்தவர் பிழைத்தாலும் நன்றி வடநெம்மேலிக்கு வரவேண்டும்.

கே: அலைச்சறுக்கு ஆஸ்திரேலியர்கள் விளையாட்டு. நம் பிள்ளைகளுக்கு எதற்கு? (கோபமான அப்பா, கோவளம்)

ப: வங்கக் கடல் அலை பாஸ்போர்ட் கேட்பதில்லை. கட்டுமரத்தில் வளர்ந்த குப்பத்துப் பிள்ளைக்குப் பலகை என்ன புதுசு? 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்து, இந்தியாவுக்கு ஒரு வெண்கலமும் கிடைத்தது. பையன் பரீட்சையில் பாஸ் செய்கிறானா என்பதை மட்டும் பாருங்கள்.

கே: பாலாற்றில் தண்ணீர் எப்போது வரும்? (மாமண்டூர்)

ப: வராது என்று நம்பி ஆற்றுக்குள் ஏதாவது கட்டினால் உடனே வரும். 2021 நவம்பரில் வந்ததே.

கே: ரயிலிலேயே மாமல்லபுரம் போக முடியுமா? போகிற வழியில் திருக்கழுக்குன்றம் கழுகையும் பார்க்க ஆசை. (மயிலாப்பூர்)

ப: கடலோர ரயில் பாதை வருடக்கணக்காகப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். மலை ஏறலாம், வேதகிரீசுவரரைப் பார்க்கலாம். கழுகைப் பார்க்க முடியாது. உச்சிவேளைச் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990-களோடு நின்றுவிட்டன. நாடு முழுக்கப் பாறுக் கழுகுகளை அழித்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் போயிற்று. 2006-இல் மாட்டுக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தது. மலைக்கு ஏறுவதானால் காலை ஏழு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள், படி சுடும்.