கிராணிக்கு ஒரு கும்பிடு

பாச்சாங் தாமான் வீடுகளில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணியைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் செருப்புகள் வரிசை பிசகாமல் நின்றால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பெரட்டுக்களத்தில் ஆள் நிறுத்திய கை, வேறு எதை நிறுத்தும்?

எங்கள் வரிசையிலும் ஒருவர் உண்டு. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் அவர் சைக்கிள் மணி கேட்டால் லயத்தில் பாதிப் பேர் எழுந்து கும்பிடுவார்கள்; மீதிப் பேர் மறைந்துகொள்வார்கள். இங்கே எதிர்வீட்டுப் பையன் "ஹலோ அங்கிள்" என்று மோட்டாரை முறுக்குகிறான். ஐயாவாக இருந்தவர் அங்கிள் ஆவது சின்ன விஷயமில்லை.

அப்போதுதான் துணிக்கொடியில் ஒரு கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்தது. இரண்டு கையையும் கூப்பி அவரையே பார்த்தது. நகர்ந்தார், தலையைத் திருப்பியது. கண்ணுக்குள் இருந்த கரும்புள்ளியும் கூடவே வந்தது. யார் எங்கே நின்றாலும் அந்தப் புள்ளி அவரைப் பார்ப்பது போலத்தான் தெரியும், கண்ணின் அமைப்பு அப்படி. கூப்பிய கையும் பாய்வதற்காக மடக்கிய அரிவாள்தான். இதையெல்லாம் கிராணியிடம் யார் போய்ச் சொல்வது?

தீபாவளி முறுக்கு வைக்கும் சிவப்பு மூடி போத்தல் ஒன்று காலியானது. மூடியில் ஓட்டை, உள்ளே ஒரு குச்சி, காலையில் தண்ணீர்த் தெளிப்பு. சாப்பாடுதான் வம்பு: செத்த ஈயைத் திரும்பிப் பார்க்காது. பாச்சாங் என்றால் மலாயில் ஒருவகை மாம்பழம். பழுத்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். இரண்டை அழுகவிட்டுக் கொல்லையில் தொங்கவிட்டார். ஈ வந்தது. அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள், வேறு காரணமாக.

அது சாப்பிடுகிற அழகு தனி. முள் கைகளில் ஈயை இறுக்கி, தலையிலிருந்து ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் சோளக்கதிர் கடிப்பது போலக் கடிக்கும். இறக்கை மட்டும் கீழே உதிரும். பிறகு பூனை மாதிரி கையை நக்கித் துடைத்துக்கொள்ளும்.

"ஒழுக்கம் பாத்தியா," என்பார்.

ஒருமுறை சாப்பிடாமல் தலைகீழாகத் தொங்கியது. கிராணிக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் தோலுரித்து இறக்கையோடு வெளியே வந்தது. அந்தத் தோல் இப்போது தீப்பெட்டியில், செக்ரோல் எழுத்தில் தேதி போட்டு இருக்கிறது.

"தாத்தா, இதுக்கு ஒரே காதுதான், நெஞ்சுக்கடியில. வௌவால் சத்தம் கேக்கறதுக்காம்," என்றான் பேரன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ரெண்டு காது இருந்தும் கேஸ் தீந்து மூணு நாளாச்சின்னு சிலருக்குக் கேக்கல."

போன ஞாயிற்றுக்கிழமை, பழைய தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர் பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்பிடுறேங்க ஐயா."

போத்தலுக்குள் விரலில் ஈயோடு குனிந்திருந்த கிராணி தலையைத் தூக்கவில்லை.

"உஸ்! ஆடாம நில்லு. இப்பக் கும்பிடப் போவுது."