காணாமற்போன கால்: மரத்தளப் பலகையின் கனம் குறித்த ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டின் பின்புறத்தை ஒட்டித் தரையினின்று உயர்த்தி, மேற்கூரையின்றி அமைக்கப்படும் மரத்தளம் ‘டெக்’ எனப்படும். நாற்காலி இட்டு அமர்தலும் இறைச்சி சுடுதலும், இவ்விரண்டும் இல்லாத நாள்களில் தளத்துக்கே எண்ணெய் பூசுதலும் அதன் பயன்களாம். இத்தளத்துக்கு வன்மரப் பலகை எத்தனை கனத்தில் வேண்டும் என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும், பெயரியல், பொறியியல், வனவியல் ஆகிய மூன்றையும் தொட்டு நிற்பதாகலின் இங்கே ஆராயப்படுகிறது.

முதற்கண் பெயர். அந்நாட்டு மரக்கடைகளில் வன்மரத்தின் கனத்தைக் கால் அங்குலக் கணக்கில் எண்ணும் மரபு உண்டு. நான்கு கால் என்றால் ஓர் அங்குலம், ஐந்து கால் என்றால் ஒன்றேகால். ஆயினும் ஒன்றேகால் என்று கேட்டு வாங்கிய தளப் பலகையை அளந்தால் ஓர் அங்குலமே தேறும்; ஓர் அங்குலம் என்று வாங்கியது முக்காலில் நிற்கும். என்னை? பெயர், அறுத்த மரத்துக்கு இடப்பட்டது. பலகையோ உலர்ந்து சுருங்கி, இருபுறமும் இழைக்கப்பட்ட பின்னரே கைக்கு வருவது. குறைந்த கால் சுருக்கமாகவும் சீவலாகவும் போயிற்று. பெயர் மட்டும் இழைப்புக்கு உட்படவில்லை என்க. கால் வைப்பதற்கென்றே செய்த பலகையில் கால் குறைவதன் நயம் தமிழ் அறிந்தோர்க்கு மட்டுமே புலப்படும். அமெரிக்கத் தச்சர்க்கு அந்த ஆறுதலும் இல்லை.

இக்குறையினின்று இரு மதங்கள் கிளைத்தன. முக்கால் அங்குலமே போதும் என்போரை முக்காலர் என்றும், மெய்யளவில் ஓர் அங்குலமே பெற்றும் தம் பெயரை விட்டுக்கொடாதோரை ஒன்றேகாலர் என்றும் வழங்கலாம். முக்காலர் தம் கட்சிக்குச் சான்றாகக் கொணர்வது தென்னமெரிக்கக் காடுகளில் விளையும் ஈப்பே மரத்தை. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி விட்டம் வரை மரத்துள் அழுத்தத் தேவைப்படும் விசையே ‘யான்கா’ வன்மை எனப்படும். தேக்குக்கு அது 1,000 பவுண்டுக்குச் சற்று மேல், ஈப்பேக்கோ ஏறத்தாழ 3,500. நீரில் இட்டால் மூழ்கும் மரத்துக்குக் கனம் வேறு எதற்கு என்பது அவர்தம் வாதம்.

ஒன்றேகாலர் இதனை மறுப்பர். வன்மை என்பது குதிகால் பள்ளம் விழாமல் காப்பது. இரு தாங்குகட்டைகளுக்கு நடுவே ஆள் நிற்கும்போது பலகை தொய்யாமல் இருப்பதோ விறைப்பினால் ஆவது. அவ்விறைப்பு கனத்தின் முப்படியாக வளர்வதால், முக்கால் ஓர் அங்குலமாகும்போது 2.37 மடங்காகும் என்பர். மேலும் ஆணி வெளித்தெரியாதிருக்கப் பலகையின் விளிம்பில் பள்ளம் பறிப்பர்; அதை முக்காலில் பறித்தால் மேலே எஞ்சும் உதடு மெலிந்து பிளக்க இடமுண்டு. அகன்ற மெல்லிய பலகை, ஒருபுறம் வெயிலும் மறுபுறம் ஈரமும் பட, கிண்ணம்போல் குழிவதும் உண்டு. இவ்வளவும் வலிய வாதங்களே. ஆனால் முக்காலர் காட்டைச் சுட்டியவுடன் நிலைமை மாறுகிறது. ஈப்பே இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 2022-இல் பனாமாவில் கூடிய அருகும் உயிரின வணிக உடன்படிக்கை மாநாடு முடிவுசெய்தது. ஐந்து காலுக்குப் பதில் நான்கு கால் அறுத்தால் மரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். இதற்கு ஒன்றேகாலர் விடை கூறாது நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொள்வர்.

வழக்கைத் தீர்ப்பது பலகைக்கு அடியில் கிடக்கிறது. பலகையைத் தாங்கும் கட்டைகளை நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் இடுவது அந்நாட்டுப் பெருவழக்கு. அதில் கால் பங்கைக் குறைத்து 12 அங்குலத்தில் இட்டால், ஒற்றைக் காலின் பாரத்துக்குத் தொய்வு இடைவெளியின் முப்படியாகக் குறைவதால், முக்கால் பலகையின் தொய்வு 16 அங்குலத்தின் மேல் கிடக்கும் ஓர் அங்குலப் பலகையின் தொய்வுக்குச் சரியாகிறது. பலகையில் தொலைந்த கால் இடைவெளியில் கிடைத்துவிட்டது. (பலகையை மூலைவாட்டில் பதிக்க விரும்பும் அழகுணர்வாளர்க்கு இவ்விலக்கணம் பொருந்தாது, அவர்தம் பலகை கடக்கும் தூரம் ஒன்றரை மடங்கை நெருங்கும்.) செலவு என்னெனின், 16 அடி நீளத் தளத்துக்கு 13 கட்டைகள் போதுமாயிருந்த இடத்தில் 17 வேண்டும்.

அந்த நான்கு கட்டைகளை வாங்கச் செல்வோர், ‘இரண்டுக்கு எட்டு’ என்று விற்கப்படும் கட்டை அளவில் ஒன்றரைக்கு ஏழேகாலாக இருத்தலைக் காண்பர். இங்கே அரையும் முக்காலும் சென்ற இடம் தனி ஆய்வுக்கு உரியது.