யார் இதில் கைவைத்தது?

கேள்வி: குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர், போகிற போக்கில் சுவிட்ச் பெட்டியையும் திறந்து பார்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: ஓரளவுக்கு அனுமதிக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மின் நிறுவலில், அதாவது ஒரு கட்டடத்தின் கம்பி, சுவிட்ச், உருகி முதலியன சேர்ந்த மொத்த அமைப்பில், எதைக் கூட்டினாலும் மாற்றினாலும் பழுதுபார்த்தாலும் அது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாகவே நடைபெற வேண்டும் என்று கூறிவிட்டு, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வரையில் விளக்கு, விசிறி, உருகி, சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்தது. எனவே உடைந்த சுவிட்சைக் கழற்றி அதே அளவுள்ள புதியதைப் பொருத்தும் பிளம்பர் விலக்குக்குள் அடங்குகிறார். 6 ஆம்பியர் பிளக் இருந்த இடத்தில், உள்ளே ஓடும் கம்பியை மாற்றாமல் 16 ஆம்பியர் பிளக்கைத் திருகிவிட்டு, ‘இனி கீசர் போட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்பவரோ, தொழிலால் எலக்ட்ரீஷியனே ஆனாலும், மெல்லிய கம்பியின் தலையில் பெருஞ்சுமையை ஏற்றியவர் ஆகிறார். வீட்டுக்காரரின் நெருக்கடியையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும்: அரைமணி நேர வேலைக்கு வர வேண்டிய எலக்ட்ரீஷியன், முழுநாள் வேலை கிடைத்த இடத்துக்குப் போய்விட்டு, ‘நாளைக்குக் காலையில் முதல் வேலை உங்கள் வீடுதான்’ என்று மூன்றாவது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் ஸ்குரூ டிரைவருடன் நிற்கும் பிளம்பரே எல்லாம் அறிந்தவராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேள்வி: பிளம்பர் மின்சாரத்தைத் தொடாமல் தண்ணீரோடு நின்றுகொண்டால் ஆபத்து இல்லை அல்லவா?

பதில்: தண்ணீரிலும் பிறர் தொழில் கலந்திருக்கிறது என்பதற்குச் சுடுநீர்க் கலமாகிய கீசரே சான்று. கலத்தின் அடியில், குளிர்நீர் நுழையும் இடத்தில், சிறிய பித்தளை வால்வு ஒன்று இருக்கும். உள்ளே அழுத்தம் மிகும்போது சிறிது நீரை வெளியே விட்டு அழுத்தத்தைத் தணிப்பது அதன் பணி. 25 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு விரிவடையும். வந்த வழியே திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு தடுக்கும் கலங்களில், விரிந்த நீர் இந்தச் சிறு வாயின் வழியாகச் சொட்டியாக வேண்டும்.

இப்போது பிளம்பரின் கண்ணால் இதைக் காண வேண்டும். ஒழுக்கு என்பது அவருடைய தொழிலில் பழுது. அதை நிறுத்துவதற்கே அவர் கூலி பெறுகிறார். டெஃப்லான் டேப்பை நான்கு சுற்று சுற்றி, ஓர் எண்ட் பிளக்கை முறுக்கி, சொட்டு நின்றதை விரலால் தடவிக் காட்டிவிட்டுப் புறப்படுகிறார். கீசரைச் செய்தவருடைய கணக்கில் காப்பாக இருந்தது இங்கே குறையாக எண்ணப்பட்டு அடைக்கப்பட்டுவிட்டது. என்றேனும் வெப்பத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் பழுதாகி, நீர் கொதித்துக்கொண்டே போனால், அழுத்தத்துக்கு வெளியேற வழி இராது, கலமே வெடிக்கலாம். பிறர் தொழிலில் கைவைப்பதன் சிக்கல் பெரும்பாலும் இத்தகையதே: கைத்திறனில் குறை இராது, எது பழுது, எது பழுதன்று என்று சொல்லும் கண்தான் இராது. குழாய் மூட்டில் செய்த தவறு மாலைக்குள் தரையை நனைத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அடைபட்ட வால்வும், பெயருக்கு மாட்டிய எர்த் கம்பியும், குழாய் போவதற்காக பீமில் அறுத்த இரும்புக் கம்பியும் ஆண்டுக்கணக்கில் வாய்திறவாமல் இருக்கும்.

கேள்வி: மொட்டைமாடி ஒழுகினால் பிளம்பரை அழைக்கலாமா?

பதில்: ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அவரைத்தான் அழைத்திருப்பார்கள். பிளம்பர் என்னும் சொல், ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தகடு வேய்ந்த தேவாலயக் கூரைகளும் ஈயக் குழாய்களும் ஒரே கைவினைஞரின் பொறுப்பில் இருந்தன. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டோடு பதித்த சென்னை மாடிக்கோ ஈயத்தோடு எந்த உறவும் இல்லை. அங்கே கொத்தனாரே உரியவர்.

கேள்வி: இன்ன வேலை இன்னாருக்கு என்று எழுதிவைத்துவிட்டால் குழப்பம் தீராதா?

பதில்: எழுதிப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் நகரில் தச்சர்களுக்கும், நுண்தச்சர் எனத்தக்க, மரத்தைக் கொளுவியும் பசையிட்டும் இணைக்கும் ஜாய்னர்களுக்கும் மூண்ட வழக்கில் 1632இல் நகர அவை எல்லை வகுத்தது. சுருங்கச் சொன்னால், ஆணியடிக்கும் வேலை முன்னவருக்கும், கொளுவும் பசையும் பின்னவருக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு நாற்காலியின் காலில் பசை தோற்று ஆணி தேவைப்பட்டால் அது யாருடைய நாற்காலி என்பதை அறிய இரு வழக்கறிஞர்களாவது வேண்டியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரைக் கப்பல் தளங்களில், இத்தனை அங்குல விட்டம் வரையிலான இரும்புக் குழாய் பிளம்பருக்கா ஃபிட்டருக்கா என்பதை முன்னிட்டு வேலைநிறுத்தங்களே நடந்தன. எழுதிய கோட்டைப் பொருள்கள் மதிப்பதில்லை என்பதே தொல்லை. மரக்கப்பல் போய் இரும்புக்கப்பல் வந்தபோது, இரும்புத் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்க்கத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் கொதிகலன் செய்பவர் கப்பலின் உடலையே கட்டத் தொடங்கினார். பரம்பரைக் கப்பல்தச்சருக்கு அது நிச்சயமாகப் பிடிக்கவில்லை.

கேள்வி: பிறர் தொழிலில் கைவைத்து நன்மை செய்தவர் எவரேனும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அவர்களை அரைநாள் கூலிக்கு அழைக்க முடியாது. ஜேம்ஸ் வாட் கணிதக் கருவிகள் செய்யும் தொழிலில் பயின்றவர். இசையில் செவியறிவு அற்றவர் என்று பெயரெடுத்தும், பிழைப்பின் பொருட்டு வயலின், புல்லாங்குழல், ஆர்கன் முதலியவற்றையும் பழுதுபார்த்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகமன் நீராவி இயந்திர மாதிரி ஒன்று லண்டனுக்குப் போயும் சீர்படாமல், 1763ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அவர் மேசைக்கு வந்தது. அவர் அதை ஓடவைத்தார். சில வீச்சுகள் ஓடி அது நின்றுவிட்டது. சராசரிப் பழுதுபார்ப்பவர் ‘மாதிரி பழசு’ என்று கைகழுவியிருக்கக்கூடிய இந்த இடத்தில், வாட் ஆவியையும் நீரையும் அளக்கத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சிலும் உருளைக்குள் குளிர்நீர் பாய்ச்சப்படுவதால் அதை மறுபடி சூடாக்குவதிலேயே பெரும்பகுதி ஆவி வீணாகிறது என்று கண்டார். ஆவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என்னும் கருத்து 1765இல் தோன்றியது, 1769இல் காப்புரிமை கிடைத்தது.

தச்சரான ஜான் ஹாரிசன் இன்னும் துணிந்தவர். மரத்தால் கடிகாரம் செய்யத் தொடங்கி, தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை கொண்ட லிக்னம் வீட்டே என்னும் மரத்தைத் தேய்மானப் பகுதிகளுக்குப் பயன்படுத்தி, கடைசியில் கடலில் நெடுங்கோட்டைக் கணிக்கும் கடிகாரத்தில் கைவைத்தார்; 1761இல் அது ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. விண்மீன்களைக் கொண்டே தீர்க்க வேண்டிய சிக்கலைத் தச்சர் தீர்ப்பதா என்ற வருத்தம் வானியலாருக்கு நெடுநாள் ஆறவில்லை.

கேள்வி: எல்லா வேலையும் தெரியும் என்று சொல்பவரை எப்படிச் சோதிப்பது?

பதில்: எந்த வேலையை ஏற்கமாட்டார் என்று கேட்கலாம். பட்டியல் இருந்தால் வேலை கொடுக்கலாம்.

கேள்வி: எந்தப் பொருளைத் திறந்தாலும், இரண்டாவதாக வரும் மெக்கானிக் ‘யார் சார் இதில் கைவைத்தது?’ என்றே கேட்பது ஏன்?

பதில்: இக்கேள்விக்கு மூன்று பயன்கள் உண்டு. முந்தைய மருந்துச்சீட்டை மருத்துவர் கேட்பது போல, இது பழுதின் வரலாற்றை அறியும் முயற்சி. இனி என்ன நேர்ந்தாலும் பொறுப்பு முன்னவரைச் சேரும் என்னும் முன்னேற்பாடு. கூலி சற்று உயரப்போகிறது என்னும் அறிவிப்பு. ஆறு மாதங்களுக்கு முன் தானே முறுக்கிய திருகைப் பார்த்தும் இதைக் கேட்டவர்கள் இருக்கக்கூடும் என்பதால், செய்த வேலையையும் தேதியையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைப்பது நல்லது. கேள்வி எழுந்ததும் வீட்டில் அனைவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றால், கைவைத்தவர் பிளம்பரும் அல்லர், எலக்ட்ரீஷியனும் அல்லர், வீட்டுக்காரர்தான் என்று மெக்கானிக் தாமே முடிவுசெய்துகொள்கிறார்.