பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு பிளாட்

லண்டன் டூட்டிங்கில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால் எங்கள் ஆட்களுக்கு மனநல ஆஸ்பத்திரிதான். 1841இல் சர்ரே மாவட்டத்து ஏழைப் பைத்தியக்காரருக்கென்று திறந்தார்கள். உள்ளே போக இரண்டு தகுதி வேண்டும்: புத்தி பிசகியிருக்க வேண்டும், கையில் காசு இருக்கக் கூடாது. இன்று அந்தப் பழைய கட்டடங்கள் பளபளக்கும் பிளாட்டுகள். காசு பற்றிய விதியை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்கள். மற்றத் தகுதி அப்படியே இருக்கிறது, விலையைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடுகிறார்களே!

காணியை விற்ற காசில்தானே பக்கத்தில் புது ஆஸ்பத்திரி கட்டினோம் என்பார்கள். கட்டினார்கள், மறுக்கவில்லை. உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்று, நோயாளிக்குக் கட்டில் போட நோயாளியின் காணியையே விற்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆனாலும் வசதிதான். மோர்ட்கேஜ் வட்டியில் நித்திரை தொலைத்தவர் வைத்தியத்துக்கு நடந்தே போகலாம்.

சற்றுத் தள்ளி செயின்ட் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரி. புதிதாகச் சேரும் தாதிக்கு, லண்டன் படியும் சேர்த்து, 2025-26இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பவுண். வங்கி வழக்கமாகக் கொடுக்கும் நாலரை மடங்கு கடனைக் கணக்குப் போட்டால் 166,500. டூட்டிங்கில் இது பாதி பிளாட்டுக்குத்தான் காணும். சமையலறை வேண்டுமா, குளியலறை வேண்டுமா என்று அந்தப் பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும்.

வாடகைக்கு இருந்தால் என்ன என்கிறீர்களா? காரணம் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் குடியிருப்பவரைக் கிளப்ப வீட்டுக்காரருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இருந்தது. அதை ஒழிப்போம் என்று தெரேசா மே 2019இல் சொன்னார். ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது 2025 அக்டோபரில், அவருக்குப் பின் நாலாவதாக வந்த பிரதமர் காலத்தில். நடைமுறைக்கு 2026 மே 1ஆம் தேதியைக் குறித்தார்கள். இடையில் லிஸ் டிரஸ் 49 நாள் ஆண்டார். வாடகைக்காரனுக்குக்கூட இரண்டு மாதம் கொடுப்பார்கள், பாவம்! அவருடைய மினி பட்ஜெட்டில் ஏறிய வட்டியை ஊரே கட்டியது. முன்னாள் பிரதமர் என்ற வகையில் ஆண்டுக்கு 115,000 பவுண் வரை அலுவலகச் செலவு கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு நிரந்தரம்.

வெள்ளைக்காரனைத் திட்டியே காலத்தைக் கழித்துவிடலாம், சுகமாக இருக்கும். வீட்டை வாடகைக்கு விடும் எங்கள் பெரியவர்களை என்ன செய்வது? முன் ஹோலுக்கு நடுவில் ஜிப்சம் பலகை அடித்து இரண்டு அறை. யன்னலில் பாதி உனக்கு, பாதி பக்கத்து அறைக்காரனுக்கு. கணப்படுப்பு மட்டும் முழுதாக உனக்கு, அதற்குள் சப்பாத்து வைக்கலாம். கடைக் கண்ணாடியில் விளம்பரம்: 'தமிழ் மாணவருக்கு அறை. சைவக்காரர் விரும்பத்தக்கது. விருந்தாளிகள் வரக் கூடாது.' வாடகை காசாக, ரசீது கேட்டால் முகம் கறுக்கும். அப்படி ஒரு பெரியவர் கோவில் வீதியில் என்னை மறித்து அழுகிறார்: "தம்பி, கடன் வட்டியைக் கழிக்காமல் முழு வாடகைக்கும் வரி கட்டட்டாம். நான் எப்பிடிச் சீவிக்கிறது?" அவர் சொல்வது பொய்யில்லை. 2020 ஏப்ரல் முதல் வட்டியை வருமானத்தில் கழிக்க முடியாது, 20 சதவீத வரிக் கழிவு மட்டும்தான். இரண்டு வீடு வைத்திருக்கும் சின்ன மீனை வலைபோட்டுப் பிடிக்கும் அரசு, கம்பனியாகப் பதிந்த திமிங்கிலத்துக்கு இந்த விதி பொருந்தாது என்கிறது. பெரியவருக்கு வந்த கோபம் நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை. பலகைக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கும் பொடியனின் வாடகையில் ஐம்பது பவுணாக ஏறுகிறது.

டூட்டிங்கை ஆளும் வொண்ட்ஸ்வர்த் கவுன்சிலைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவருக்கே கழிவு விலையில் விற்கும் தட்சரின் திட்டத்தில் முன்வரிசையில் நின்றது. குடியிருந்தவர் வாங்கினார், பிறகு விற்றார். பல வீடுகள் வாடகை முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தன. இன்று வீடில்லாக் குடும்பங்களைத் தங்கவைக்கத் தனியாரிடம் கெஞ்சுகின்றன கவுன்சில்கள். லண்டன் முழுக்க அதற்கு நாளொன்றுக்கு 40 இலட்சம் பவுண் என்று 2024இல் அவையே கணக்குச் சொல்லின. இந்த வியாபாரத்தை எங்கள் ஊர்ச் சந்தியில் வெற்றிலை விற்கும் கிழவி செய்திருந்தால் அவள் பிள்ளைகளே கடையைப் பூட்டியிருப்பார்கள். இவர்களோ அடுத்த தேர்தலுக்கும் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஓட்டு உண்டு. வாடகைக்காரருக்கும் உண்டுதான், போன முறை கதவைத் திறந்தவர் இந்த முறை எந்த ஊரில் இருக்கிறாரோ.