சுழி பார்த்த கிட்டார்

முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்போன மணப்பாறையில், பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். வாங்கியவர் என்று நான் எழுதவில்லை, கவனிக்கவும். ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர், கையிலிருந்தது இரவல்.

யாரைக் கண்டாலும் 1951-இல் ஆரம்பிப்பார். அந்த ஆண்டுதான் லியோ ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸ் வந்தது. 1957-இல், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஏறுமாறாக வைத்தார்கள். 1960-இல் இரண்டு ஒல்லியான ஒற்றைச் சுருள் பிக்கப்போடு ஜாஸ் பேஸ். டீக்கடைக்காரர் 1957 வருவதற்குள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

"பிளந்தது நெஞ்சுல இடிக்கும். ஒத்தைச் சுருள் விரல் போற போக்கைக் காட்டும். ராஜா சார் பாட்டுக்கு ரெண்டும் வேணும்ணே!"

நியாயம்தான். இளையராஜாவின் பேஸ் தாளத்தோடு ஒட்டிக் கிடக்காது. தனியே ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். அவர் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த சசிதரனைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வெறும் இடி போதாது. அடுத்தது குத்துப்பாட்டு என்றால் இடி இல்லாமலும் ஆகாது. ஆகவே பிரெசிஷன், ஜாஸ் என்ற இரண்டு வகைப் பிக்கப்பும் ஒரே உடம்பில் இருக்கும் 'பீ-ஜே'. ஆனால் அதில் ஒற்றைச் சுருளை மட்டும் திறந்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் முனகும். வேப்பிலை மாரியம்மன் திருவிழா சீரியல் செட் முழுக்கக் கம்பிக்குள் புகுந்துவிடும். உடனே ஹம்பக்கருக்குத் தாவுவார். அதில் இரட்டைச் சுருள் இரைச்சலை அடித்துவிடும். "ஆனா அதுல அந்தக் குரல் இல்லையே!" மறுபடி 1951.

கடைசியில் மாட்டுத் தரகரான மாமாவோடு திருச்சி கிட்டார் கடைக்குப் பஸ் ஏறினார்.

"மாப்ளே, இது உழவுக்கா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும் மாமா."

"விக்கிறவன் அப்படித்தான் சொல்வான். சுழி பாத்தியா?"

கிட்டாரைக் குப்புறப் போட்டு மரவரியைத் தடவினார் மாமா. நாலு பிரடையையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு துண்டால் கையை மூடி, விரல் பேரத்துக்கு நீட்டினார். கடைப் பையன் உள்ளே கைவிட்டுக் குலுக்கி, "தேங்க்யூ சார்" என்றான். அவன் பிடித்தது எத்தனை விரல் என்று மாமா ஊர் வரும்வரை கணக்குப் போட்டார். கிட்டார் கடையிலேயே இருக்கிறது.

பேஸின் தடித்த கம்பி அதிர்வது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில். வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. அதற்கு எந்தப் பிக்கப்பும் ஒன்றுதான். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஸ்பீக்கர் தேட ஆரம்பித்துவிடுவார்.

இதற்குள் இரவல் கொடுத்தவர் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செலவு மிச்சம் என்று கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துவிடுகிறார். நம்மவர் மேடைக்குக் கீழே நின்று, கண்ணை மூடிக் கேட்டார்.

"இடது கை ஜாஸ் பேஸ் பக்கமா சாயுது. கொஞ்சம் பிரெசிஷனும் கலக்கச் சொல்லணும்."