ஓரகடத்துல அருவி இருக்கால?

ஏலே பேராண்டி, கழுத்துல தொங்குத அட்டைய ரூமுக்குள்ள வந்தப்பொறவாவது கழத்தி வையி. தூக்கத்துலயுமா ஒங் கம்பெனிக்காரன் அடையாளங் கேப்பான்?

வந்ததுலருந்து கேக்கேன், கூரை பூராவும் சூரியத் தகடாம், கரி எரிக்காத கரண்டாம், எல்லாம் நீங்க கண்டுபிடிச்ச மாதிரியே பேசுத. நம்ம விக்கிரமசிங்கபுரத்து மில்லுல ஹார்வி தொரமாரு 1885லயே தண்ணிய வச்சு நூல் நூத்தானுவ. சீமையில மலைப்பக்கம் மரம் அறுக்க ரம்பத்தையே ஆத்துத் தண்ணிதான் இழுக்குமாம். நம்மூர்ல அது பஞ்சுக்கு ஒழைச்சுது. பொதிகையிலருந்து எறங்குத தாமிரவருணிய மறிச்சுச் சரிவுல விட்டா, விழுத வேகத்துல டர்பைன் சுத்தும். அது சுத்துனா கதிரு சுத்தும். வேல முடிஞ்ச தண்ணி திரும்ப ஆத்துக்கே வந்து, நதியுண்ணி, கன்னடியன் காலுன்னு நெல்லுக்குப் போயிரும். தொர தண்ணியக் குடிக்கல, அது விழுததை மட்டும் எடுத்துக்கிட்டான். கள்ளப்பய!

ஒண்ணு யோசி. பஞ்சு வெளையுதது கரிசக்காட்டுல. கப்பல் நிக்கது தூத்துக்குடியில. மில்லு மட்டும் எதுக்குல மலையடிவாரத்துல? சாரலுக்கும் ஐப்பசி மழைக்கும் சேத்து ஓடுத ஆறு அங்கதான் கெடக்கு. அருவியப் பேத்துக்கிட்டுப் போவ முடியாதுல்லா! 1944ல பாவநாசத்துல கரண்டு எடுக்க ஆரம்பிச்ச பொறவுதான் அந்தப் பலம் கம்பியில ஏறி ஊரூராப் போச்சு.

ஒங் கம்பெனி இருக்குத இந்த ஓரகடத்துல பேத்துக்கிட்டுப் போவ முடியாதது என்னல இருக்கு? ரோடு எங்கயும் போடலாம். வரிச் சலுகை எந்த சர்க்காரும் குடுக்கும். ஆளுவ? நீயே நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்தவந்தான. பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியாக்காரன் 2006ல வந்தான், 2014ல பூட்டிட்டான். அந்த செல்போனுல ஒண்ணு இன்னும் எம் பெட்டியில கெடக்கு, பாம்பு வெளையாட்டு நல்லாத்தான் ஓடுது.

வேலைய விட்டுரச் சொல்லல. ஓவர்டைம் தந்தா வாங்கிக்க. வல்லத்துல மனைக்கு அட்வான்ஸ் குடுக்கது மட்டும் கொஞ்சம் பொறு. அம்பாசமுத்திரத்துப் பொண்ணு வீட்டுக்காரரு நாளைக்குப் போன் பண்ணுவாரு. வேல நெலையானதான்னு கேட்டா, எங்கிட்டக் குடு. நான் பொய் சொல்லிக்கிடுதேன், ஒனக்கு வராது.