லைன் வீட்டுக்குப் போற ஒறம்பரை

வா கண்ணு, குக்கு. பைபரி போறியாமா? இங்கிலாந்துல காட்சுவோல்ட்சுச் சீமையில, ஆத்தோரத்து ஊரு. ராவெல்லாம் போனை நோண்டி வூடு தேடறியாம். பொட்டி இன்னும் கட்டல, போட்டோவுக்கு நிக்கற எடத்தை மட்டும் குறிச்சு வெச்சுட்டேன்னு உம்பொண்டாட்டி சொல்லுது. பலே!

அங்க பையன் வூட்டுக்குப் போனப்ப நானும் அந்த ஊரைப் பாத்தவந்தான். ஆர்லிங்டன் ரோன்னு ஒரு வரிசை. பிரிட்டன் பாஸ்போர்ட்டுலயே அந்தப் படத்தை அச்சடிச்சிருந்தாங்க. உனக்கு அது சரித்திரம். சென்னிமலைத் தறிக்காரன் கண்ணுக்கு என்ன தெரியும்? லைன் வீடு! 1380 வாக்குல மடத்துச் சாமியாருங்க கம்பளி மயிரு அடுக்கறதுக்குக் கட்டுன கிட்டங்கி. 17ஆம் நூற்றாண்டுல அதைத் தடுத்து நெசவாளிகளைக் குடி வெச்சாங்க. நெஞ்ச துணியை ஆர்லிங்டன் மில்லுல அலசி, எதுத்தாப்புல திட்டுல சட்டம் நட்டுக் காயப்போட்டாங்க. அந்தத் திட்டுக்கு இன்னைக்கும் ரேக் ஐல்னுதான் பேரு. இப்பத் துணிக்குப் பதிலா வாத்து காயுது.

அந்த வரிசையில 9ஆம் நம்பர் வூட்டை, பழைய கட்டடங்களைப் பாத்துக்கற நேஷனல் டிரஸ்ட்டுக்காரங்க தங்கறவங்களுக்கு வாடகைக்கு உடறாங்க. கூலிக்குத் தறி ஓட்டுனவன் வேற போக்கில்லாம இருந்த வூட்டுல, நீ பவுண்டு பவுண்டா எண்ணி வெச்சு ரெண்டு ராத்திரி படுக்கப் போற. அவன் எந்திரிச்சு வந்து பாத்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க மாட்டானா?

பழமை மாறாத ஊருன்னு உருகறியே, ஏன் மாறலைன்னு ஆரையாச்சும் கேட்டியா? வடக்க யார்க்சயர்ப் பக்கம் மில்லு பெருத்துப்போச்சு. இந்தச் சீமையில தறி படுத்துப்போச்சு. கையில நாலு காசு இருந்திருந்தா இவனும் இடிச்சுப்போட்டு மாடி எடுத்திருப்பான். இல்லாததுனால கல்லுச் சுவரு தப்பிச்சுது. பொறவு வில்லியம் மோரிசுன்னு ஒரு கலைஞரு வந்தாரு. இங்கிலாந்துலயே அழகான ஊருன்னு ஒரு வார்த்தை உட்டுப்போட்டுப் போயிட்டாரு. அவரு போயிச் சேந்தாரு, பஸ்ஸு வந்து சேந்துது.

அந்த ஊருல சுமார் 600 பேரு இருப்பாங்க. அவுங்க மேடைக்கு நாடகம் போட வந்தவங்க இல்ல சாமி. குப்பை கொட்டோணும், துணி காயப்போடோணும், சண்டை போடோணும். நீ சன்னல்ல மூஞ்சியை ஒட்டிக்கிட்டு எட்டிப் பாத்தா எப்பிடி இருக்கும்? உன் ஆசாரத்துல ஒருத்தன் கேமராவோட வந்து நின்னா காப்பி குடுப்பியா, செருப்பைத் தேடுவியா?

சரி, போறதுன்னு ஆயிப்போச்சு. கெழவன் சொல்றதைச் சித்தெ கேளு. ஊருக்கு ரயிலு கெடையாது, கெம்பிள்ல எறங்கி அக்கட்ட காரு புடிக்கோணும். ரொட்டி, பாலு, முட்டையெல்லாம் சைரன்செஸ்டர்லயே வாங்கிக்க. ராத்திரி நேரங்கழிச்சுப் பசிக்குதுன்னு அலைஞ்சா, பப்புல அடுப்பை அணைச்சுப்போட்டிருப்பான். மத்தியானம் வூட்டுல தூங்கு. ஊரு பாக்கறவனெல்லாம் அப்பத்தான் வருவான். காலையில வெள்ளென எந்திரிச்சுக் கோல்ன் ஆத்தோரமா நட. கோல்ன் செயின்ட் ஆல்ட்வின்ஸ் வரைக்கும் காட்டு வழியே நடைபாதை போகுது. குடியானவன் காட்டுக்குள்ளயே அந்தப் பாதை போனாலும், பாதையை உட்டு எறங்காத வரைக்கும் ஆரும் கேக்க மாட்டாங்க. படலைத் தொறந்தா சாத்திப்போட்டுப் போ. வெள்ளைச் செருப்பு எடுத்து வெச்சிருக்கியாமே? நல்லா வெச்ச! சேறு உன்னைப் பாத்துட்டுத்தான் காத்திருக்குது.

ஒண்ணு சொல்ல மறந்தேன் பாரு. அந்த லைன் வீட்டுக்குப் பக்கத்துல வயசான ஒருத்தரு மஞ்சக் காரு ஒண்ணு வெச்சிருந்தாரு. தன் வூட்டு முன்னால நிறுத்துனாரு. படம் கெடுதாம்! வர்றவனெல்லாம் மொணகுனான். 2017ல எவனோ அந்தக் காரு கண்ணாடியை ஒடைச்சு, மேல கீறியும் வெச்சுட்டான். கொதிச்சுப்போச்சு சனம். அந்த ஏப்ரல்ல நூறு மஞ்சக் காரு வரிசை கட்டி ஊருக்குள்ள வந்துதுங்க. படம் எடுக்கறவன் எங்க போயி நிப்பான் சொல்லு? நெனைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு குலுங்குது.

நீயும் வாடகைக்குக் காரு எடுப்பியல்ல? மஞ்சள் இருக்குதான்னு ஒரு வார்த்தை கேளு கண்ணு.